எச்சில் படாத பழம்

துரியன் பழத்தின் நாற்றத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என் கணவர் அழுகின வெங்காயம் என்பார். பக்கத்து வீட்டு அக்கா கேஸ் கசிகிறது என்று ஒருமுறை ஓடியே வந்துவிட்டார். எனக்கு அது ஆடி மாதத்து வெறும்வயிற்றின் நாற்றம். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து ஒவ்வொரு சாரல் சீசனிலும் விடியற்காலையில் குளித்து, ஈரத்தலையோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்து, வேறு எதையும் வாயில் வைக்காமல் அதைத் தின்றிருக்கிறேன். பிள்ளை உண்டாகும் என்றார்கள். உண்டாகவில்லை. அதற்காகப் பழத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது என்னிடம் எந்த வாக்கும் கொடுத்ததில்லை.

குற்றாலத்துத் துரியனுக்கு இப்படி ஒரு பேர் உண்டு. அருவியில் குளிக்க வருகிறவர்கள் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கி, தோலை ரோட்டிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். துரியன் தேடி வருகிறவர்கள் வேறு மாதிரி. புருஷனும் பெண்டாட்டியுமாக வருவார்கள். கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பழத்தைத் துணிப்பையில் மூடி எடுத்துக்கொண்டு, அருவிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவார்கள்.

எங்கள் வீடு தென்காசியில். ஐந்தருவிக்கு மேலே கணவர் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு மலைத்தோட்டம் இருக்கிறது. கிராம்பு, ஜாதிக்காய், கொஞ்சம் மங்குஸ்தான், நடுவில் ஒரே ஒரு துரியன் மரம். துரியனைப் பறிக்கக் கூடாது, தானாக விழ வேண்டும். அந்த மரத்தில் சீசனுக்கு முதலில் விழுகிற பழத்தை அந்த வீட்டில் விற்க மாட்டார்கள். பிள்ளையில்லாத ஒருத்தியின் மடியில் வெற்றிலையோடு வைத்துக் கொடுப்பார்கள். மடிப்பழம் என்று அதற்குப் பேர். என் மாமியாருக்கும் அவருடைய மாமியார் அப்படித்தான் கொடுத்தாராம். அதைத் தின்ற பிறகு, நெடுநாள் காத்திருப்புக்கு முடிவாக, என் கணவர் பிறந்திருக்கிறார். ஆகவே மரத்தின் மகிமைக்கு என்ன சாட்சி என்று யாரும் கேட்க முடியாது. சாட்சி தினமும் காலையில் சாப்பிட்டுவிட்டு மோட்டார் பம்ப் கடையைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தார்.

நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. பூ எப்படிக் காயாகிறது என்பதை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவள். அதே வருஷா வருஷம் மடிப்பழத்தையும் தின்றேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டால், மருமகளாக இருந்து பார்க்கச் சொல்வேன்.

திருநெல்வேலியில் டாக்டர்கள் எல்லாவற்றையும் செய்து பார்த்துக் கையை விரித்த பிறகு, நாங்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுப்பது என்று முடிவு செய்தோம். சட்டப்படி எங்கள் இருவர் சம்மதம் போதும். ஆனால் வீடு அத்தையின், அதாவது என் மாமியாரின் வீடு. அவர் முகம் கோணிக்கொண்டு நடமாடுகிற வீட்டில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கோணல் எனக்குப் பழகிவிட்டது. பிள்ளைக்கு எதற்கு அது?

கணவர்தான் பேச்சை எடுத்தார். அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகு நிற்கவே இல்லை.

"வேற மரத்துப் பழம் நம்ம மடியில எதுக்குலே?" என்றார்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். அந்தப் பங்குனியில் அவர் தோட்டத்துக்கு வந்தார். வந்த இடத்தில்தான் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்.

துரியன் பூ சாயங்காலம் விரியும். கிளை நுனியில் பூக்காது, தடித்த கிளைகளில் கொத்துக் கொத்தாகப் பிடித்திருக்கும். இருட்டின பிறகு தேன் சுரக்கும், புளித்த பாலின் வாடை அடிக்கும். விடிவதற்குள் இதழும் மகரந்தத் தாள்களும் உதிர்ந்துவிடும், காயாகப் போகிற பாகம் மட்டும் கிளையில் தங்கும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தியைப் பார்க்க வண்டி வண்டியாக ஆள் வருகிறது. துரியன் பூவைப் பார்க்க ஒருத்தரும் வந்து நான் கண்டதில்லை. வௌவால்தான் வரும். ஓடைக்கரையில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. அது நிறைய பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சண்டை போடும். அந்தி மயங்கினதும் கிளம்பித் துரியன் கிளைகளில் வந்து மோதும். முகத்தைப் பூவுக்குள் விட்டு நக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் பறந்துவிடும்.

அத்தை காலையில் மரத்தடியில் நின்றார். தரை முழுக்கப் பூ. செருப்பால் அதைத் தள்ளிப் பார்த்தார்.

"பாத்தியாட்டி, ஒரு பூவ விட்டு வைக்கல. இருக்கிற பூவுலயும் எச்சி வச்சிட்டுப் போயிருக்கு."

"அது தின்னு விழுந்த பூ இல்ல அத்தை. அதுவா உதிருறதுதான்."

"எச்சிப் பூவுல வந்த பழத்த நீ தின்னா எப்படிப் பலிக்கும்? எனக்குக் குடுக்கும்போது இங்கன இத்தன வௌவா கிடையாது, கேட்டியா."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகச் சொன்னார். இத்தனை வருஷமும் குறை என் வயிற்றிலா தன் மகனிடமா என்று அவர் மனதுக்குள் தவித்திருக்க வேண்டும். இப்போது இரண்டுமில்லை, வௌவால் என்று தெரிந்துவிட்டது. என் மீது அவருக்கு இருந்த கசப்பு அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது என்றே நினைக்கிறேன். காரில் திரும்பும்போது முடிவாகச் சொன்னார்: "எச்சி படாத பழம் ஒண்ணு தின்னு. அதுக்கும் இல்லன்னா உங்க இஷ்டம்போல எங்க வேணும்னாலும் பிள்ளை எடுத்துக்கிடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வாக்கியம். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வௌவால் இல்லாவிட்டால் பூ காயாகாது என்று சொல்லவும் செய்தேன். வௌவாலின் மூக்கில் ஒட்டுகிற மஞ்சள் தூள் அடுத்த பூவில் போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் கரு பிடிக்கும் என்று பாடமே நடத்தினேன். அத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். அன்று பின்னேரம் அடுத்த வீட்டு அக்காவிடம் சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டது.

"பிள்ளை பெறாதவ மரத்துக்குப் பிள்ளை உண்டாகுறதப் பத்திப் பாடம் சொல்லுதா."

அது என்னைச் சுட்டது. அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

வௌவாலை விரட்டுவது பெரிய வேலையாக இல்லை. அத்தை சொல்லி, தோட்டத்து ஆட்கள் பகலிலேயே தகர டின்னைத் தட்டினார்கள். தீபாவளிக்கு மிஞ்சின வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். பச்சை ஓலையைக் கூட்டிப் புகை மூட்டினார்கள். நல்ல வெயிலில் கண் கூசிக்கொண்டு அவை கலைந்து கலைந்து பறந்ததை நான் பார்த்தேன். குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பறந்தவையும் இருந்தன. சாயங்காலம் திரும்பி வந்தன, மறுபடி தட்டினார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வௌவால் காய்ச்சல் என்று அப்போது பேச்சு கிளம்பியிருந்தது. புளியறை செக்போஸ்டில் வண்டிகளை நிறுத்தி விசாரிக்கிறார்கள் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். அதனால் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் தட்டுவதற்குத் தாங்களாகவே வந்து சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நாளில் மருத மரம் காலியாகிவிட்டது.

காலியான மரத்தை வெட்டுவது சுலபம். அதுவரை அந்தப் பீச்சல் நாற்றத்துக்குப் பயந்து யாரும் அதன் அடியில் நின்றதில்லை. எங்களுக்குக் கீழே இருந்த தோட்டத்தை வாங்கி ஒருவர் சீசன் காட்டேஜ் கட்டிக்கொண்டிருந்தார். மரம் ஓடைப் புறம்போக்கில் நின்றது, அவருடையது அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது அது வெட்டுப்பட்டுக் கிடந்தது. அடுத்த வாரம் அதுவும் இல்லை. அருவி தெரியும்படியாக அந்தச் சரிவு முழுக்கச் சுத்தமாக இருந்தது. கார் நிறுத்த இடம் என்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். அத்தை பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றார்.

அடுத்த பங்குனியில் துரியன் பூத்தது. அப்படி ஒரு பூப்பு அதற்கு முன் பூத்ததில்லை என்று தோட்டத்து ஆட்கள் சொன்னார்கள். ஒரு பூவிலும் எச்சில் படவில்லை. காலையில் வழக்கம்போலத் தரை முழுக்கப் பூ கிடந்தது. அதற்கு யார் காரணம் என்று அத்தை கேட்கவில்லை. ஆடி வந்தது, சாரல் வந்தது, மரத்தில் ஒரு காய்கூட இல்லை.

"இந்த வருஷம் மரம் ஓய்வெடுக்குது" என்றார் அத்தை. "அடுத்த வருஷம் காய்க்கட்டும். தின்னுட்டு அப்புறம் பேசுவோம்."

அப்போதுதான் நான் எந்த வலையில் மாட்டியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. பழம் தின்று பலிக்காமல் போனால்தான் எனக்குக் குழந்தை. பழமே இல்லாவிட்டால் பலிக்காமல் போவதற்கும் வழியில்லை. கடையில் வாங்கித் தின்றால் செல்லாது, நம் மரத்துப் பழமாக இருக்க வேண்டும். தத்தெடுக்க விண்ணப்பிப்பதற்கு வயது வரம்பு இருக்கிறது. மரம் ஓய்வெடுக்கலாம், எங்கள் வயது எடுக்காது. கணவர் அம்மாவிடம் ஒருமுறை குரலை உயர்த்திப் பார்த்தார். அத்தை ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். அதற்கு மேல் இவரால் முடியவில்லை. எனக்கு இரண்டு பேர் மீதும் ஆத்திரமாக வந்தது. மரத்தின் மீது மட்டும் வரவில்லை. அதன் நிலைமை எனக்குப் புரிந்தது.

வௌவால் செய்கிற வேலையை நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. அதற்கடுத்த பங்குனியில், அத்தைக்குத் தெரியாமல், பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கணவரும் தோட்டத்துக்குப் போனோம். என்னிடம் படம் வரைகிற பிரஷ் ஒன்று இருந்தது. கணவர் மூங்கில் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அந்தியில் விரிந்த பூக்களின் மஞ்சள் தூளை எடுத்து அதே மரத்தின் மற்றப் பூக்களில் தடவினேன். யானை வரும், சீக்கிரம் இறங்குங்கள் என்று தோட்டத்து ஆள் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். சில பூக்களில் கரு நின்றது. கோலிக்குண்டு அளவுக்கு முள் வைத்துக் காய்த்தன. எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நெல்லிக்காய் அளவைத் தாண்டி ஒன்றுகூட நிற்கவில்லை.

உதிர்ந்த காய்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மரம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாமல் தள்ளிவிடும் என்பதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். துரியன் பெரும்பாலும் அந்த ஜாதி. அதற்கு வேறொரு துரியன் மரத்தின் தூள் வேண்டும். எங்கள் தோட்டத்தில் வேறு துரியன் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்படியானால் இத்தனை வருஷப் பழமும் எங்கிருந்து வந்தது?

அந்த வாரம் கணவரோடு ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன். பகல்தான், தோட்டத்து ஆளும் கூட வந்தார். ஒரு காலத்தில் மேலே இருக்கிற காடு ஓடையோடு சேர்ந்து எங்கள் தோட்டம் வரைக்கும் இறங்கி வந்திருந்தது. கணவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். நாங்கு மரமும் வெடிப்பலாவும் கிளையோடு கிளை தொட்டுக்கொண்டு நிற்குமாம். மலை அணில் மரத்துக்கு மரம் தாவி எங்கள் கிராம்பு மரம் வரைக்கும் வந்துவிட்டுத் தரையில் கால் படாமலே திரும்பிப் போகுமாம். இப்போது அந்தக் காட்டைத் துண்டு துண்டாகத்தான் நடந்து பார்க்க முடிந்தது. முதல் துண்டு கரண்ட் கம்பிக்காக ஒதுக்கின வழியோடு முடிந்தது. அடுத்தது ஒரு கம்பிவேலியோடு. அதற்கடுத்தது ரிசார்ட்டுக்குப் போட்ட சிமெண்டுப் பாதையோடு. எந்தத் துண்டிலும் மரம் இல்லாமல் இல்லை. பசுமைக்கும் குறைவில்லை, போட்டோ எடுத்தால் அழகாகவே விழும். மேல் துண்டில் இருந்து கீழ்த் துண்டுக்கு வருவதற்கு அணிலுக்குத்தான் வழி இல்லை. கருமந்தி ஒன்று கரண்ட் கம்பியில் நடக்கப் பார்த்து விழுந்ததைத் தோட்டத்து ஆள் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் எதுவும் இல்லை. கேட்டபோது என் முகத்திலும் இருந்திருக்காது.

வௌவாலுக்கு இந்த இடைவெளிகள் ஒரு பொருட்டில்லை. அது வேலிக்கும் ரோட்டுக்கும் மேலே பறந்துவிடும். அதனால்தான் மற்றதெல்லாம் அறுந்த பிறகும் எங்கள் மரம் காய்த்துக்கொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், நடந்து ஏறினால் மூச்சு வாங்குகிற தூரத்தில், பழைய எஸ்டேட் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வரிசைத் துரியன் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ராத்திரிக்கு ராத்திரி அங்கேயும் இங்கேயும் போய் வந்து, கணக்கில்லாத பூக்களை வௌவால்கள் சேர்த்து வைத்திருக்கின்றன. தங்குவதற்கு அவற்றுக்குத் தேவைப்பட்டது ஒரு மரம். அந்த ஒன்றும் போன பிறகு எங்கள் துரியன் முழுத் தனியாகிவிட்டது.

எஸ்டேட் காவல்காரர் ஆரியங்காவுப் பக்கத்து ஆள். நான் பூ வேண்டும் என்றதும் சாமிக்கா என்று கேட்டார். மரத்துக்கு என்றேன். மலையாளம் கலந்த தமிழில், "எடுத்தோளூ டீச்சர். எப்படியும் விழுற பூவுதானே" என்றார்.

ஒரு வருஷம் காத்திருந்து, மறு பங்குனியில் போனோம். அந்தியில் எஸ்டேட்டில் விரிந்த பூக்களை எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடிக்கொண்டு, ஜீப் பாதையில் இறங்கி, முழுக்க இருட்டுவதற்குள் எங்கள் தோட்டத்துக்கு வந்து, ஏணியில் ஏறினேன். கைக்கு எட்டின கிளைகளில் மட்டும் தடவினேன். வௌவாலின் வேலையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட மனுஷியால் செய்ய முடியாது என்று அந்த ஏணியில் நிற்கும்போது தெரிந்தது. கணவர் கீழே இருந்து, "விழுந்துராத, விழுந்துராத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவே எரிச்சலாக இருந்தது.

ஏழெட்டுக் காய் நின்றது. சித்திரையில் சில உதிர்ந்தன. ஆடிச் சாரலில் மூன்று மட்டும் தொங்கின. மரம் கண் திறந்துவிட்டது என்று அத்தை கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். பூ தடவினதை நான் அவருக்குச் சொல்லவில்லை. அந்தப் பழத்தைத் தின்ன வேண்டும், சில மாதம் போக வேண்டும், ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும், பிறகு அவர் வாக்கைக் காப்பாற்ற வேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

முதல் பழம் விழுந்துவிட்டது என்று தோட்டத்து ஆள் போன் செய்தபோது காலை நேரம். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். மூன்று பேரும் காரில் போனோம். சாரல் விடாமல் பெய்தது. அத்தை குடைக்குள் வர மறுத்து நனைந்துகொண்டே பழத்தை எடுத்துத் துடைத்தார், வெற்றிலையை அடியில் வைத்தார். மடியை ஏந்தச் சொல்லி என் சேலைத் தலைப்பில் வைத்தார். முள் குத்தியது.

"எச்சி படாத பழம்" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "நல்ல மனசோட தின்னுட்டி."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வேண்டியது அதில்தான் இருந்தது. ஆனால் தப்பான விடையைத் திருத்தாமல் விட எனக்கு வராது, அது தொழில் வியாதி.

"இது தானா காய்க்கல அத்தை. நாங்க பூ கொண்டாந்து தடவினோம்."

"எங்கனயிருந்து?"

"ஓடைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டுல இருந்து."

"அவங்க மரத்துப் பூவையா?"

"இந்த மரம் தனியாக் காய்க்காது. வேற மரத்துத் தூள் வந்து சேந்தாத்தான் காய்க்கும். போன வருஷம் இதோட பூவையே தடவிப் பாத்தோம், எல்லாம் உதிந்துட்டு."

அத்தை மரத்தை அண்ணாந்து பார்த்தார். மழை முகத்தில் விழுந்தது.

"அப்போ இத்தன வருஷமும்?"

"வௌவால் கொண்டு வந்துச்சு."

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருஷமும்."

அத்தை மரத்தில் இருந்து பார்வையை இறக்கினார். என்னைப் பார்க்காமல், குடை பிடித்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்துக் கேட்டார்.

"நான் தின்ன பழமுமா?"

கணவர்தான் மெதுவாக, "அதுவுந்தாம்மா" என்றார்.

அத்தை என் மடியில் இருந்த பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார். காரில் அதை மடியில் வைத்தபடி தென்காசி வரைக்கும் வந்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நான்தான் கெடுத்துக்கொண்டேன் என்றும் நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி நான் யாரோடும் சாப்பிடவில்லை.

மறுநாள் பாவூர்சத்திரத்தில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி அனுப்புகிறவர்கள், பிள்ளை இல்லாமல், யாரோ சொல்லி வந்திருந்தார்கள். அத்தை அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார். நான் அடுக்களையில் பாலைக் காய்ச்சிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். என் மடியில் இருந்து எடுத்த பழத்தை அந்தப் பெண்ணின் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் துடைக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு, ஏணியில் ஏறி, அதைக்கூட எனக்கு இல்லை என்று ஆக்கிவிட்டாரே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவர்கள் போன பிறகு அத்தை அடுக்களைக்கு வந்தார். வழிந்த பாலைப் பார்த்தார். துணியை எடுத்து அவரே துடைத்தார்.

"ஏட்டி, பிள்ளை எடுக்குறதுக்கு எங்க போயி எழுதிக் குடுக்கணும்?"

"கம்ப்யூட்டர்ல அத்தை" என்றேன்.

"இன்னைக்கே எழுதிக் குடுத்துருங்க." துணியைப் பிழிந்தார். "நீ இத்தன வருஷமும் தின்னது நல்ல பழந்தான். அதுல ஒரு குறையும் இல்ல. இனி எதுக்கு உனக்கு அந்த நாத்தம்?"

எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகும் நெடுங்காலம் காத்திருந்தோம், அது எல்லாரும் காத்திருப்பதுதான். போன வருஷம் எங்கள் மகள் வந்தாள். நடக்கத் தெரிந்து வந்தாள், வந்த அன்றே அத்தையின் வெற்றிலைச் செல்லத்தைக் கவிழ்த்தாள். அடுத்த வீட்டு அக்கா பார்க்க வந்து, குழந்தையின் மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பேச்சோடு பேச்சாக, "யாரு சாடை ஆச்சி இது?" என்று கேட்டார்.

"வௌவா கொண்டாந்து போட்டுது" என்றார் அத்தை. "யாரு சாடையா இருந்தா உனக்கு என்ன?"

இந்தப் பங்குனியில் அவரும் தோட்டத்துக்கு வந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான் சம்படத்தைத் திறப்பதையும் பிரஷைத் தட்டுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே, மருத மரம் நின்ற இடத்தில், காட்டேஜுக்கு வந்தவர்களின் கார்கள் நின்றன. யாரோ கதவைத் திறந்து வைத்துப் பாட்டுப் போட்டிருந்தார்கள். அத்தை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுங்க திரும்பி வருமாட்டி?"

"தங்குறதுக்கு மரம் வேணும் அத்தை."

"வச்சா வராதா?"

"வரலாம். மரம் வளரணும்."

"எத்தன வருஷம் ஆவும்?"

நான் குழந்தையைப் பார்த்தேன். அவள் உதிர்ந்த பூ ஒன்றை வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பிள்ளைகள் பிறந்து அவை ஓடியாடுகிற வயதாகும்போது ஒருவேளை ஆகலாம் என்று சொன்னேன்.

அத்தை குழந்தையின் கையில் இருந்து பூவை வாங்கினார். அதை முகர்ந்து பார்த்தார். பிறகு, வௌவாலை விரட்டச் சொன்ன அதே வாயால், கார் பாட்டுக்கு மேலே கேட்கும்படி கீழே பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏலே, யாருலே அது, பாட்ட அமத்துங்கலே. பூ விரியுற நேரம்."

பாட்டு நிற்கவில்லை. அவர் குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறினேன்.